கிளிமூக்கும் ஏழு காதும்

போன மாசம் அம்மாவோட ஆஸ்பத்திரி காகிதங்களை ஒழுங்கு பண்ணலாம்னு ஒரு ரிங் ஃபைல் வாங்கினேன். கூடவே பக்கம் பிரிக்கிற அட்டை ஒரு செட். அதான், ஓரத்துல காது மாதிரி நீட்டிக்கிட்டு ஏ, பி, சி, டின்னு எழுதியிருக்குமே, அது. ரத்தச் சோதனை, ஸ்கேன், மருந்துச் சீட்டுன்னு எல்லாத்தையும் அந்தந்த எழுத்துல சொருகி வச்சுட்டுப் பெருமையா டாக்டர்கிட்ட நீட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா சுகர் எவ்வளவு?"

சுகரை எங்க வச்சேன்? எஸ்ஸிலயா? பி-ல 'பிளட் டெஸ்ட்'னா? எல்-ல 'லேப்'னா? டாக்டர் எதிர்ல உட்கார்ந்து நான் புரட்டுன புரட்டுல, வெளிய நின்ன நாலு பேரும் எட்டிப் பார்த்துட்டாங்க. கடைசியில அம்மாவே, "நூத்தி எண்பது டாக்டர்" அப்படின்னாங்க. மனப்பாடம்!

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "உங்க அப்பா இருந்திருந்தா ஏழே காது போட்டிருப்பாரு."

அந்த ஏழு காது என்னன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவேன், கொஞ்சம் சரித்திரமும் வரும். பொறுத்துக்கோங்க மக்கா.

அப்பா தூத்துக்குடியில ஒரு கம்பெனியில கணக்கப்பிள்ளையா இருந்தவர். தோணியில சரக்கு ஏத்தி இறக்குற தொழில். தண்டல்மாருக்கும் தோணியில போறவங்களுக்கும் முன்பணம் கொடுத்து, நடைக்கு நடை கழிச்சுக்குவாங்க. இது எல்லாம் ஏறுறது ஒரே ஒரு பேரேட்டுல. காலிகோ துணி ஒட்டின தடி லெட்ஜர். வலது ஓரம் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும். ஒவ்வொரு படியிலயும் ஓர் ஆங்கில எழுத்து. கடையில ரெடிமேடா கிடைக்கிறது அதுதான்.

இப்ப ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எங்க ஊர் முத்துக்குளித்துறை. 1530-களில் பரதவர் கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினப்ப, கூடவே போர்ச்சுக்கீசியக் குடும்பப் பேர்களும் வந்து ஒட்டிக்கிச்சு. பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மச்சாது, மிராண்டா, கர்வாலியோ, லோபோ... கோடிக்கணக்கான பேர் புழங்குற ஊர்ல 26 எழுத்தும் பரவலா நிரம்பும். இங்கயோ ஒரு கைவிரல்ல எண்ணிடலாம்ங்கிற அளவு பேர்களுக்குள்ள ஒரு கடற்கரையே அடங்கிடும். அப்பாவோட லெட்ஜர்ல எஃப் எழுத்துக்கு இருந்தது 12 பக்கம். பர்னாந்துமார் அறுபது பேருக்கு மேல!

மத்த ஊர்ல எக்ஸ் எழுத்துப் பக்கம் காலியாவே கிடக்கும். எங்க ஊர்ல அதுவும் கிடையாது. சேவியருங்க இருக்காங்கல்ல :-) கியூ, யூ, இசட் மட்டும் சும்மா கிடந்துச்சு. அதனால எஃப் நிரம்பினதும் மிச்சப் பர்னாந்துமாரை கியூவுல குடியேத்தினாங்க. கியூவும் நிரம்பினா யூ. இது அப்பாவுக்கு முன்னாடி இருந்தவங்க போட்ட வழி. "கியூவுல ஏன் பர்னாந்து"ன்னு புதுசா வந்தவன் யாருக்கும் தெரியாது.

1968-ல நடந்தது இது. ஒரு தண்டல் வாங்கின முன்பணத்தைக் கழிச்சு முடிச்சுட்டார். ஆனா சம்பளத்துல திரும்பத் திரும்பப் பிடிச்சாங்க. அவர் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, "கணக்கப்பிள்ளை ஐயா, நான் கட்டிட்டேன். பனிமய மாதா மேல சத்தியம்"னு சொல்றார். அப்பா எஃப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். பாக்கி நிக்குது. "ஏட்டுல பாக்கி இருக்கே தண்டலண்ணே, நான் என்ன செய்ய?" அந்த மனுஷன் பேசாம போயிட்டாராம்.

ஆறு மாசம் கழிச்சு வேற எதையோ தேடும்போது கியூ பக்கத்துல அப்பா கண்ணுல பட்டுது. அதே பேரு, அதே இனிஷியல், வேற ஊர்க்கார பர்னாந்து ஒருத்தர். அவர் கணக்குல வாங்காத கடனுக்கு வரவு ஏறி, பணம் அதிகமா நிக்குது. தண்டல் கட்டின காசுதான் அது. வருஷ முடிவு தணிக்கை முடியாம எதையும் திருப்பித் தர முடியாதுன்னுட்டாங்க. அப்பா தன் கையிலிருந்து கொடுத்துட்டு வந்தார். எவ்வளவுன்னு எங்ககிட்ட சொன்னதே இல்ல. அம்மா மட்டும், "அந்தத் தீபாவளிக்கு யாருக்கும் துணி எடுக்கல"ன்னு சொல்லுவாங்க.

இதுல கணக்குத் தப்பு எங்கயும் இல்லங்கிறதைக் கவனிங்க. கூட்டல் சரி, கழித்தல் சரி. தப்பு ஓரத்துல இருந்த காதுல. அந்தக் காது வேற ஊருக்காக வெட்டின காது.

சரி, இப்ப சரித்திரத்துக்கு வருவோம்.

ரிங் ஃபைலை ஐரோப்பாக்காரன் கண்டுபிடிச்சான்னு படிச்சிருப்போம். உண்மைதான். ஜெர்மனியில பான் நகரத்துக்காரர் ஃப்ரீட்ரிக் சோனெக்கன் 1886-இல் காகிதத்தில் துளை போடும் கருவியையும், துளை போட்ட தாள்களைக் கோக்கும் ஃபைலையும் கொண்டுவந்தார். பத்து வருஷம் கழித்து, 1896-இல், ஸ்டுட்கார்ட்டில் லூயி லைட்ஸ் அதற்கு நெம்புகோல் வைத்தார். இன்னைக்கும் நம்ம ஆபீஸ்ல இருக்கிற பெரிய பாக்ஸ் ஃபைல்ல 'டக்'குனு தூக்குற கம்பி அதோட வாரிசுதான். இரண்டு துளைக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் என்பது இப்போது உலகத் தரம்.

ஆனா தாளில் துளை போட்டுக் கோக்கிறது நமக்குப் புதுசா? ஓலைச்சுவடிக்கு இரண்டு துளை. ஒன்றில் கயிறு. இன்னொன்றில் ஏடு நகராமல் இருக்க ஒரு செப்புக் கம்பி அல்லது மூங்கில் குச்சி. அந்தக் கம்பிக்குப் பேர் நாராசம். "காதுல நாராசமா விழுது"ன்னு சொல்றோமே, காய்ச்சின கம்பியைக் காதுல விட்ட மாதிரின்னு அர்த்தம், அதே நாராசம்தான். கயிறு துளை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடாமல் இருக்க, அதன் தலைப்பில் பனையோலையைக் கிளியின் மூக்கு மாதிரி நறுக்கி முடிந்திருப்பார்கள். அதற்குப் பேரே கிளிமூக்கு. சுவடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற சின்ன ஓலைத் துண்டு. முதல் தடவை இதைப் படிச்சப்ப "அடடே, நம்ம ஊரு டேப்"னு துள்ளிக் குதிச்சேன்.

அப்புறம் யோசிச்சா, இல்ல. கிளிமூக்கு கயிறைப் பிடிச்சு நிறுத்தும், அவ்வளவுதான். உள்ள என்ன எங்க இருக்குன்னு அது சொல்லாது. ஏட்டின் இடது ஓரத்தில் எண் போட்டிருப்பார்கள். ஏடு கலைந்தால் அடுக்க அது உதவும். ஆனால் நாற்பத்து ரெண்டாம் ஏட்டில் என்ன இருக்கு என்பது ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் தெரியும். தேடுற வேலையெல்லாம் மனசில்தான். படித்தவர்கள் பாட்டை மனப்பாடமா வச்சிருந்தாங்க. நம்ம அம்மா சுகரை வச்சிருந்த மாதிரி.

நிகண்டுகளும் அப்படி மனப்பாடத்துக்கு எழுதப்பட்டவையே. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு 12 தொகுதி. தேவர் பெயர் ஒரு தொகுதி, மக்கள் பெயர் ஒன்று, விலங்கு, மரம், இடம் என்று போகும். பொருள் தெரிந்தால் சொல்லைப் பிடிக்கலாம். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பதினொன்றாம் தொகுதியை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின்படி அடுக்கியிருப்பார். இன்றைக்கு நமக்கு விசித்திரமா இருக்கும். பாட்டு எழுதுகிறவனுக்கு எதுகைதானே முதல் தேவை? அவன் கேட்கப்போகும் கேள்வி தெரிந்து அடுக்கினார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வருது.

முதலெழுத்தைப் பார்த்துச் சொல்லை அடுக்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு. அகரம் ஆதியாக வருவதால் அகராதி. இன்றைக்கு எல்லா டிக்‌ஷனரிக்கும் நாம வச்சிருக்கிற பேர் அங்கிருந்து வந்தது. அவர் முதல் எழுத்தை மட்டும்தான் வரிசைப்படுத்தினார். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களுக்குள் தேடுவது உங்க பாடு. எஃப்புக்குள்ள அறுபது பர்னாந்து மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

இதே காலத்தில் எங்க கடற்கரையில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. போர்ச்சுக்கல்லில் இருந்து வந்து, புன்னைக்காயலை மையமாக வைத்துத் தமிழ் கற்று, 1600-இல் இறக்கும்வரை இந்தக் கரையிலேயே வாழ்ந்தவர் அண்ட்ரிக் அடிகளார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தில் அச்சடிக்கப்பட்டு இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் அதுதான். பதினாறே பக்கம். அதுக்குக் காதும் வேண்டாம், மூக்கும் வேண்டாம்.

1586-இல் வந்த 'அடியார் வரலாறு' அப்படியல்ல. அறுநூறு பக்கத்துக்கு மேல். புனிதர்களின் கதைகள். இந்த வகைப் புத்தகங்களை ஐரோப்பாவில் ஆண்டின் திருநாள் வரிசையில் அடுக்குவது வழக்கம். அகர வரிசையை விட்டு ஏன் திருநாள் வரிசை? கோயிலில் புத்தகத்தைத் திறக்கிறவர் கேட்கிற கேள்வி, "இன்னைக்கு யாரோட திருநாள்?" ஐரோப்பாவின் பழைய பூசைப் புத்தகங்களில் முக்கியமான பக்கங்களின் ஓரத்தில் தோல் துண்டோ, முடிச்சுப் போட்ட நூலோ ஒட்டியிருப்பார்கள். குருவானவர் பீடத்தில் நின்றுகொண்டு புரட்டித் தேட முடியாது, தொட்டதும் திறக்க வேண்டும். இன்றைய காதுகளின் தாத்தா அந்தத் தோல் துண்டுதான்.

அடுத்தவர் வீரமாமுனிவர். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டியில் ஆரம்ப காலத்தில் பணி செய்தவர். 1732-இல் அவர் செய்த சதுரகராதிக்கு நாலு பகுதி: பெயர், பொருள், தொகை, தொடை. சொல்லிலிருந்து பொருளுக்குப் போக ஒரு வாசல், பொருளிலிருந்து சொல்லுக்குப் போக ஒன்று, 'ஐம்பூதம்' 'நவமணி' மாதிரித் தொகைப் பெயர்களுக்கு ஒன்று, பாட்டுக்கு எதுகை தேடுகிறவனுக்கு ஒன்று. ஒரே சரக்குக்கு நாலு வாசல். நாலு விதமான ஆள் வந்து நாலு விதமாகக் கேட்பான் என்று தெரிந்து கட்டிய வீடு அது.

அவர் பேரில் சொல்லப்படும் இன்னொரு மாற்றம் எழுத்தில். அதற்கு முன்பு குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைப்பது இலக்கணம். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். அதனால் எ, ஏ இரண்டும் கண்ணுக்கு ஒன்று. 'வெ' என்று எழுதியிருந்தால் 'வெ'யா 'வே'யா என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டு படிக்கும்போது அது சமாளிக்கலாம். ஆனால் வரிசைப்படி தேடும்போது இரண்டு எழுத்து ஒரே உருவத்தில் இருந்தால் எந்தக் காதைப் பிடிப்பது? நெடிலுக்குத் தனிச் சுழி வந்தபிறகுதான் எகரமும் ஏகாரமும் தனித்தனி இடம் பிடித்தன. ஒரு சின்னச் சுழிதானே என்று படும், தேடுகிறவனுக்கு அது ஒரு தனிக் கதவு.

அன்தாம் தி ப்ரோயென்சா என்ற பாதிரியாரின் தமிழ்-போர்ச்சுக்கீசிய அகராதியையும் சொல்லணும். 1679-இல், அவர் இறந்த பிறகு, அம்பலக்காட்டில் அச்சானது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 1966-இல் கோலாலம்பூரிலிருந்து அதைப் படியெடுத்து மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். 1950-களில் 'தமிழ் கல்ச்சர்' இதழை ஆரம்பித்து நடத்திய அதே அடிகள்தான், எங்க தூத்துக்குடி மறைமாவட்டத்துக்காரர். ஒரு புத்தகம் பத்திரமாக இருப்பது வேறு, தேடுகிறவன் கைக்கு எட்டுவது வேறு. பத்திரமா இருந்த புத்தகத்துக்கே ஒருத்தர் போய்க் காது போட வேண்டியிருந்தது.

இனி பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் தாவுவோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரயில், பேங்க், இன்சூரன்ஸ் என்று வந்து, காகிதம் மலையாகக் குவிந்த காலம். பெரிய ஆங்கில டிக்‌ஷனரிகளின் ஓரத்தில் கட்டைவிரல் பதிகிற மாதிரி அரைவட்டம் வெட்டி, எழுத்து ஒட்ட ஆரம்பித்தார்கள். நூலக அட்டைகளின் தலையில் சின்ன நீட்டல் வைத்து, அதைத் தள்ளித் தள்ளி அமைத்தால் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் என்ற யோசனைக்கு ஜேம்ஸ் நியூட்டன் கன் என்ற அமெரிக்கர் 1897-இல் காப்புரிமை வாங்கினார். நம்ம கம்ப்யூட்டர் திரையில் மேலே வரிசையா நிக்குதே 'டேப்', அதோட வடிவம் அந்த அட்டையில் இருந்து வந்ததுதான்.

இந்த வெட்டு லெட்ஜர்கள் துறைமுகம் துறைமுகமாகப் பரவியபோது, எழுத்தும் கூடவே வந்தது. 26 படி. சம அகலம். லண்டன்ல எப்படியோ தெரியாது, தூத்துக்குடி ஜெட்டியில அது எப்படி வேலை செஞ்சதுன்னு மேல பார்த்துட்டோம்.

"அப்ப தமிழ் எழுத்துல வெட்டியிருந்தா சரியா வந்திருக்குமா?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். முதல்ல பயமா இருக்கும், 247 எழுத்தாச்சே. ஆனா இங்கதான் நம்ம இலக்கணம் கை கொடுக்குது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும் என்று தொல்காப்பியம் கணக்கு வைத்திருக்கிறது. உயிர் பன்னிரண்டும் வரும். மெய்யில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ ஆகிய ஒன்பது. நன்னூல் ங-வையும் சேர்த்துப் பத்தாக்குகிறது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் முதலில் வராது. ஆக 22 காது போதும். ஆங்கிலத்தைவிட நாலு கம்மி! பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணி வெறுத்த அந்தச் சூத்திரங்கள், ஒரு லெட்ஜர் பைண்டருக்குத் தேவையான அளவுப்பட்டியல் என்று அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா நான் இன்னும் ரெண்டு மார்க் வாங்கியிருப்பேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். 22 ஆல் வகுத்தால் ஒரு காதுக்கு பதிமூன்றரை. என் ஆள்காட்டி விரல் அதைவிடத் தடிமன். இரண்டு அடுக்காகப் பிரித்து, பதினொன்று பதினொன்றாகப் போட்டால் 27 மில்லிமீட்டர். விரல் தாராளமா நிற்கும்.

ஆனா ரெண்டு சிக்கல். ஒண்ணு, ங, ஞ, ய, ஔ இதுக்கெல்லாம் பேர் கம்மியாத்தான் வரும். க, ச, த, ப, ம இந்த அஞ்சும் வழிஞ்சு ஓடும். எந்தத் தமிழ் அகராதியை வேணும்னாலும் எடுத்து ஓரத்தைப் பாருங்க, இந்த அஞ்சும் தடிமனா இருக்கும். எல்லாத்துக்கும் ஒரே அகலம் கொடுத்தா, கியூ கதைதான் திரும்ப. ரெண்டாவது, இலக்கணம் சொல்லைப் பத்திச் சொல்லுது, ஆட்களைப் பத்தி இல்ல. எங்க ஊர்ல ரொட்ரிகோ இருக்கார், லூர்து இருக்கார், டிசோசா இருக்கார், ஜோசப் இருக்கார். ராஜனை 'ரா'வுல தேடுறதா, 'இரா'வுல தேடுறதா? பழைய தமிழாசிரியர் ஒருத்தரும் இளவட்டம் ஒருத்தனும் ஒரே ஃபைலைப் பார்த்துக்கிட்டா, தினம் ஒரு சண்டை நிச்சயம்.

இப்ப அப்பா என்ன செஞ்சார்னு பாருங்க.

அந்தத் தண்டல் விஷயத்துக்குப் பிறகு அடுத்த வருஷ லெட்ஜருக்கு, வெட்டாத நோட்டு வாங்கச் சொன்னார். ஆபீஸ்ல ஒத்துக்கல, அதே விலைதானேன்னு கெஞ்சி வாங்கினதா அம்மா சொல்லுவாங்க. ஒரு வாரம் ஒரு துண்டுக் காகிதத்தை மேஜையில வச்சுக்கிட்டு, வாசல்ல வர்ற ஆட்கள்கிட்ட தான் என்ன கேக்குறோம்னு தானே எழுதியிருக்கார். பேரு கேக்கிறதுக்கு முன்னாடி, அவரையும் அறியாம அவர் வாயில வந்தது, "எந்த ஊரு?"

அவ்வளவுதான். விடை கிடைச்சுட்டுது.

முத்துக்குளித்துறையில ஏழு கடற்துறைன்னு போர்ச்சுக்கீசியர் காலத்திலிருந்து ஒரு கணக்கு உண்டு. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு. வடக்கேயிருந்து தெற்கே கரையோரமா வரிசையா வரும். அப்பா ஏழு காது வெட்டினார். வடக்கு ஊர் மேல, தெற்கு ஊர் கீழ. கடற்கரையில எப்படி இருக்கோ, லெட்ஜர் ஓரத்திலயும் அப்படியே. ஏழுக்குள்ள அடங்காத சின்ன ஊர்க்காரங்களைப் பக்கத்து ஊர்க் காதுல சேர்த்துட்டார். ஒரு காதுக்கு நாலு சென்டிமீட்டருக்கு மேல இடம். ரெண்டு விரல் வச்சுத் திறக்கலாம். தூத்துக்குடிக்கு மட்டும் பக்கம் நாலு மடங்கு, ஏன்னா ஆள் அதிகம்.

முதல்ல ஒத்தை எழுத்துதான் எழுதியிருக்கார். வேம்பார், வைப்பாறு, வீரபாண்டியன்பட்டினம் மூணும் 'வ'. உடனே அடிச்சுட்டு 'வே', 'வை', 'வீ'ன்னு மாத்தியிருக்கார். அந்த அடித்தல் இப்பவும் லெட்ஜர்ல தெரியுது. வீரமாமுனிவர் சுழி அங்க வந்து வேலை செஞ்சிருக்கு பாருங்க. ஓலைக் காலமா இருந்தா 'வே'யை வெறும் 'வெ'ன்னுதான் பொறிச்சிருப்பாங்க.

ஒவ்வொரு ஊருக்குள்ளயும் அறுபது பர்னாந்து எட்டாவும் பத்தாவும் பிரிஞ்சுட்டாங்க. ஒரே ஊர்ல ஒரே இனிஷியல் இருந்தா, பக்கத் தலைப்புல அப்பா பேரையும் சேர்த்து எழுதினார். அதுக்கு அப்புறம் அவர் வேலையை விட்ட வரைக்கும் ஒரு வரவுகூட ஆள் மாறி ஏறலன்னு சொல்லுவார். பெருமையா இல்ல. கொஞ்சம் வருத்தமாத்தான் சொல்லுவார். "ஒரு வருஷம் முன்னாடி இதை வெட்டியிருக்கலாம்லே."

எங்க ஊர் முத்து வியாபாரிகளும் இதைத்தான் செஞ்சாங்க. முத்தைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடை வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் துளை எண்ணிக்கைதான் பேரு: 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000. சமமான படி இல்ல, கவனிச்சீங்களா? பெரிய முத்துப் பக்கம் 20, 30, 50ன்னு அடி அடியா நகரும். ஏன்னா விலை அங்கதான் ஏறும், அங்கதான் வாங்குறவன் நுணுக்கமா கேப்பான். சின்ன முத்துப் பக்கம் இருநூறு இருநூறாத் தாவும். கேள்வி எங்க நெருக்கமா வருதோ, அங்க பிரிவும் நெருக்கமா இருக்கணும். தூத்துக்குடியில அரசாங்கம் நடத்தின கடைசி முத்துக்குளிப்பு 1961-ல முடிஞ்சது. சல்லடைங்க எங்க போச்சோ, ஆனா அந்தப் புத்தி அப்பாவோட லெட்ஜர்ல இருந்துச்சு.

ஃபைல் பண்றதை நாம எப்பவும் கையில இருக்கிற காகிதத்தைப் பார்த்துச் செய்றோம். இது என்ன காகிதம், இதோட பேர் என்ன, எந்த எழுத்து. எதிர்ல வந்து நிக்கப்போற ஆள் முதல்ல என்ன கேப்பான்னு யோசிக்கிறதில்ல. எதுகைக்கு அடுக்கின மண்டல புருடர் யோசிச்சார். நாலு வாசல் வச்ச வீரமாமுனிவர் யோசிச்சார். திருநாள் பக்கத்துல தோல் துண்டு ஒட்டின யாரோ ஒரு பேர் தெரியாத ஆள் யோசிச்சார். கடையில கிடைக்கிற ஏ-டூ-இசட் அட்டை யோசிக்காது. அதுக்கு நம்ம ஊரும் தெரியாது, நம்ம ஆளும் தெரியாது.

போன ஞாயித்துக்கிழமை அம்மாவோட ஃபைலைப் பிரிச்சுப் போட்டேன். கடந்த ரெண்டு வருஷத்துல டாக்டர்கள் எங்ககிட்ட கேட்ட கேள்விகளை அம்மாகிட்டயே கேட்டு எழுதினேன். சுகர். பிரஷர். இப்ப சாப்பிடுற மாத்திரை. எந்த மருந்து ஒத்துக்காது. ஆபரேஷன் எப்ப. கடைசி ஸ்கேன். யாருக்குப் போன் பண்ணணும். எண்ணிப் பார்த்தா ஏழு.

பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஏழு காது ஒட்டினேன். எழுத்து பெருசா, தமிழ்ல, முழு வார்த்தையா. அம்மா கண்ணாடி போடாமலே ஒவ்வொண்ணையும் விரலால தடவிப் பார்த்தாங்க. "உங்க அப்பா வெட்டு இதைவிட நேரா இருக்கும்"னாங்க.

இருக்கும்தான். அவர் லெட்ஜரைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், கோணல் என்னோடதுதான்.

டிஸ்கி: உங்க வீட்டுல பழைய பேரேடு, சிட்டை, நாள்வழி ஏதாவது கிடந்தா எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஓரத்தை ஒரு தடவை பாருங்க. உள்ள இருக்கிற கணக்கு பழசாயிருக்கலாம். ஓரத்துல யாரோ ஒருத்தர் உங்களுக்காக யோசிச்சிருப்பாங்க.